நான் பேசிய ஒரே வசனம்

1

எழுபத்திரண்டு வயதில் ஒருத்தி கெட்ட பெயர் எடுப்பதென்றால் கொஞ்சமாவது பாடுபட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நான் ஒரு பாடும் படவில்லை. காலையில் எழும்பி, பல்கனிக் கதவில் ஒட்டிக் கிடந்த பனியைப் பார்த்துக்கொண்டே தேநீர் ஊற்றினேன். கெட்ட பெயர் அதற்கு முன்பே வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருந்தது.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் முதியோர் சங்கத்துக்கு ஒரு வட்ஸ்அப் குழு உண்டு. காலை வணக்கம், பூக்கள், மரண அறிவித்தல்கள், மருந்தில்லாமல் சர்க்கரையைக் குறைக்கும் வழிகள் எல்லாம் அதில் வரும். சங்கத்தின் செயலாளர் நான். அன்றைக்கு வந்தது ஒரு பழைய ஆங்கிலப் படத்தின் துண்டு. நாற்பது வினாடிதான் ஓடும். லண்டனில் யாரோ இணையத்தில் ஏற்றி, கை மாறிக் கை மாறி இங்கே வந்திருந்தது. அதற்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "உது எங்கட பிலோமினா அக்காவோ?"

ஒரு ஆஸ்பத்திரி வார்டு. நாய் பின்பக்கத்தில் கடித்துவிட்ட ஒரு தொந்திக்காரர், வெள்ளைக்காரர், கட்டிலோரம் நெளிந்துகொண்டு நிற்கிறார். அவருக்கு முன்னால் வெள்ளைத் தொப்பியும் முழங்காலுக்கு மேலே ஏறிய சீருடையுமாக இருபத்தொரு வயதுத் தாதி. இடுப்பில் கை. எங்கள் நிறம். அவள் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "காற்சட்டையைக் கழற்றுங்கள் ஐயா. நான் காணாத ஒன்றும் உங்களிடம் இல்லை. இதைவிட நல்லதாகவும் கண்டிருக்கிறேன்."

காற்சட்டை விழுகிறது. அந்த நேரம் பார்த்து அவருடைய மாமியார் பூங்கொத்தோடு கதவைத் திறக்கிறார். துண்டு அதோடு முடிகிறது.

"ஓம், நான்தான்" என்று பதில் எழுதினேன். பிறகு இரண்டு நாளைக்கு அந்தக் குழுவில் ஒருவரும் ஒரு பூக்கூடப் போடவில்லை.

2

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்த மாதிரிப் படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எழுபதுகளில் இங்கிலாந்தில் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களுக்கு ஊரே அடிமை. வியாழக்கிழமை இரவில் தாதிகள் விடுதியில் ஒரு பெட்டிக்கு முன்னால் முப்பது பேர் குந்தியிருப்போம். சினிமாவுக்கோ அப்போது கெட்ட காலம். படம் எடுக்கக் காசு இல்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு தொடரைப் பிடித்து, அதே நடிகர்களை வைத்து, ஒன்றரை மணி நேரத்துக்கு இழுத்து, நாலைந்து கிழமைக்குள் எடுத்து முடித்துத் தியேட்டருக்கு அனுப்பிவிடுவார்கள். கதை பெரும்பாலும் ஒன்றுதான். வேறு யோசனை வராதபடியால் எல்லாரையும் கடற்கரைக்கு விடுமுறைக்கு அனுப்புவார்கள். மழை பெய்யும். கூடாரம் சரியும். கொடியில் காயும் மார்புக் கச்சை காற்றில் பறந்து பாதிரியாரின் முகத்தில் விழும். தொலைக்காட்சியில் காட்ட முடியாததைக் காட்டலாம் என்பதால் காற்சட்டைகள் விழுந்தபடியே இருக்கும். பத்திரிகைக்காரர்கள் காறித் துப்பினார்கள். சனங்கள் வரிசையில் நின்றார்கள்.

அவை நல்ல படங்கள் என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் பகல் முழுக்கப் படுக்கைச் சட்டி கழுவிவிட்டு வந்தவர்களும் பஸ் ஓட்டிக் களைத்தவர்களும் வயிறு நோகச் சிரித்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். பெரிய மனிதர்களின் படங்களில் எங்கள் வேலையை யாரும் காட்டவில்லை. இந்த மட்டமான படங்களில்தான் பஸ் டிப்போவும் துணி வெளுக்கும் லோண்டரியும் வார்டும் இருந்தன.

நான் லண்டனின் விளிம்பில் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சியில் இருந்தேன். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையிலிருந்து போய் இரண்டு வருடம் ஆகவில்லை. ஆஸ்பத்திரியின் மூடிக்கிடந்த பழைய பகுதியை ஒரு படக் கம்பனி வாடகைக்கு எடுத்தது. பின்னணியில் கட்டில் விரிக்க உண்மையான தாதிகள் வேண்டும் என்று கேட்டார்கள். ஓய்வு நாளில் மூன்று பேர் போனோம். ஒரு ஐரிஷ் பெட்டை, ஜமெய்க்காவிலிருந்து வந்த ஜொய்ஸ், நான்.

என்னைப் பார்த்ததும் இயக்குநர் எனக்கு ஒரு வசனம் தந்தார். தாளில் இருந்தது இதுதான்: தாதி கைகூப்பி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, "சாஹிப் காற்சட்டை கழற்றணும்" என்று கொச்சை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

நான் சொன்னேன், "எங்கள் ஊரில் ஒருவரும் சாஹிப் என்று சொல்வதில்லை. தாதி கைகூப்பவும் மாட்டாள். அவளுடைய கையில் எப்போதும் ஏதாவது சாமான் இருக்கும்."

ஒருவரும் அதை எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இயக்குநர் மழையில் நனைந்து களைத்துப்போன மனிதர். "சரி, நீ வேலையில் என்ன சொல்வாயோ அதைச் சொல்லித் தொலை" என்றார்.

எங்கள் வார்டுத் தலைமைத் தாதி ஒவ்வொரு நாளும் வெட்கப்படும் ஆண்களிடம் சொல்வது ஒன்று உண்டு. அதை அப்படியே, அவளுடைய குரலிலேயே சொன்னேன். அந்த நடிகர் நாட்டுக்கே தெரிந்த முகம். தன் வசனத்தை மறந்து நின்றார். விளக்குப் பிடித்தவர்கள் சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது நடிப்பில்லை. அதையே படத்தில் வைத்துக்கொண்டார்கள்.

3

படம் கொழும்புக்கும் போனது. அங்கே வங்கியில் வேலை செய்த என் அண்ணர், கூட வேலை செய்தவர்களோடு பார்க்கப் போயிருக்கிறார். ஆறு பக்கத்தில் கடிதம் வந்தது. வசனம் என்ன என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. "அந்த வார்த்தை" என்றே எழுதியிருந்தார். இரண்டு தங்கச்சிமார் கலியாணத்துக்கு இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். ஐயாவின் காதுக்குப் போனால் அவர் தாங்கமாட்டார் என்று எழுதியிருந்தார். மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும், இனி இப்படி நடக்காது என்று மாதாவின் பெயரில் சத்தியம் பண்ண வேண்டும்.

எழுதினேன். நீல நிற ஏரோகிராம் கடதாசியில், இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். அறியாமல் செய்துவிட்டேன் என்று எழுதினேன். என்னை ஏமாற்றிப் பேச வைத்தார்கள் என்றும் எழுதினேன்.

அது பொய். என் வாழ்க்கையில் அதுவரை நான் அறிந்தே செய்த காரியம் அது ஒன்றுதான். படிப்பு, தாதி வேலை, லண்டன் எல்லாம் வேறு யாரோ தீர்மானித்தவை. அந்த மூன்று வரியை நான்தான் தீர்மானித்தேன். அதைப் போய், என்னுடையது இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். ஐம்பது வருடமாக என்னை உறுத்துவது படம் இல்லை. அந்தக் கடிதம்.

சேவியர் என்னைப் பெண் கேட்டு வந்தபோது இதை மறைக்கக்கூடாது என்று நினைத்து, லண்டனில் ஒரு மாதா கோயில் வாசலில் நின்று சொன்னேன். "நான் ஒரு படத்தில நடிச்சனான். நல்ல படம் இல்லை."

அவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு, "தெரியும். மூண்டு தரம் பாத்தனான். அதுக்குப் பிறகுதான் விசாரிக்கத் தொடங்கினனான்" என்றார்.

நாங்கள் கனடாவுக்கு விண்ணப்பித்தபோது, இதுவரை செய்த தொழில்கள் எல்லாவற்றையும் எழுதச் சொல்லிப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. 'நடிகை' என்று போடச் சொல்லி அவர் ஒரு மாலை முழுக்க என்னோடு மல்லுக்கட்டினார். நான் போடவில்லை. அவர் இறந்து ஒன்பது வருடமாகிறது. போட்டிருக்கலாம்.

4

என் மகள் அனிற்றா இங்கே பிறந்தவள். பக்கத்து நகரமான மார்க்கத்தில் வீடு, ஒரு கல்லூரியில் சமூகவியல் படிப்பிக்கிறாள். படத் துண்டு அவளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. சனிக்கிழமை கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அம்மா, திஸ் இஸ் நொட் ஃபனி. அவங்கள் உங்களைப் பாத்துச் சிரிக்கிறாங்கள்."

"என்னைப் பாத்து இல்லைப் பிள்ளை. நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கிறாங்கள்."

"சேம் திங் அம்மா. ஒரு பிரவுன் கேர்ள், அந்தக் குட்டை யூனிஃபோர்ம்... யூ வேர் யூஸ்ட், உங்களைப் பாவிச்சுப் போட்டாங்கள். உங்களுக்கு அது அப்ப விளங்கேல்லை."

அவள் அன்பில்தான் சொன்னாள். அதனால்தான் கோபம் கூடுதலாக வந்தது. அண்ணர் என்னை வெட்கப்படச் சொன்னார், குடும்ப மானத்துக்காக. இவளும் அதையே சொல்கிறாள், இன்னொரு மானத்துக்காக. இரண்டு பேருமே எனக்கு விளங்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

"காற்சட்டை விழுந்து நிண்டது அவர். நான் உடுப்போடைதான் நிண்டனான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்தத் துண்டை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லும் விண்ணப்பத்தைத் திறந்தாள். காணொளியில் இருப்பவர் நீங்கள்தானா? ஆம் என்றால் படத்தோடு கூடிய அடையாள அட்டையை இணைக்கவும். என் அட்டையில் கணவரின் பெயரும் எழுபத்திரண்டு வயது முகமும் இருக்கின்றன. அந்தப் பெட்டையின் பெயரிலும் முகத்திலும் என்னிடம் ஒரு கடதாசியும் இல்லை. அடுத்த கேள்வி: இந்தக் காணொளியால் உங்களுக்கு ஏற்பட்ட தீங்கு என்ன? ஐந்நூறு எழுத்துக்குள் எழுதவும்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் சின்னவளாக இருந்தபோது நான் சொன்ன கதைகளில் ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. லண்டனில் 'பான்ட்ஸ்' என்றால் உள்ளாடை. ரொறொன்ரோவில் அதுவே காற்சட்டை. இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, மூத்த தாதி ஒருத்தி ஒரு கிழவரிடம் பான்ட்ஸைக் கழற்றச் சொன்னாள். அவர் காற்சட்டையை மட்டும் கழற்றிவிட்டு நின்றார். நான் பொறுப்பான ஆளாக முன்னுக்குப் போய், "அதில்லை, மற்றதை" என்றேன். கிழவர் கட்டிலுக்கு மறுபக்கம் ஓடினார். அந்தக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்து வளர்ந்த பிள்ளை இவள். அம்மா பெரிய பகிடிக்காரி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தவள். அதே அம்மா திரையில் பகிடி விட்டால் மட்டும் எப்படிப் பாவப்பட்ட பெண்ணாகிவிட்டாள்?

"என்ன தீங்கு எண்டு எழுதுறது அம்மா?"

"ஒண்டும் இல்லை எண்டு எழுது."

அவள் கணினியை மூடிவிட்டு, தேநீர் குடிக்காமல் போய்விட்டாள்.

5

அடுத்த நாள் சங்கத் தலைவர் யோசப் அண்ணை தொலைபேசியில் வந்தார். ஊரில் பாடசாலை அதிபராக இருந்தவர். இன்றைக்கும் அறிவித்தல் வாசிப்பது போலத்தான் கதைப்பார்.

"பிலோமினா, ஒருத்தரும் உம்மைக் குறை சொல்லேல்லை. வயசு அப்பிடி. ஆனா செயலாளர் எண்டு ஒரு பதவியில இருக்கிறீர். ஒரு சின்னக் கடிதம் எழுதித் தாரும். அறியாமல் நடந்தது, வருந்துறன் எண்டு. நான் கூட்டத்தில வாசிச்சுவிடுறன். அதோட முடிஞ்சுது."

"அண்ணை, நான் அறிஞ்சுதான் செய்தனான்."

"அது எனக்குத் தெரியும். எண்டாலும் எழுதலாம்தானே?"

"அந்தக் கடிதம் ஒருக்கா எழுதிப் போட்டன். இனி எழுதமாட்டன்."

"அப்ப கூட்டத்தில வாக்குக்கு விடவேண்டி வரும்."

"விடுங்கோ."

தொலைபேசியை வைத்துவிட்டு அலுமாரியைத் திறந்தேன். எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாளுக்குச் சேவியர் லண்டனில் தேடி வாங்கிய அந்தப் படத்தின் டிவிடி அங்கே இருந்தது. நாற்பது வினாடியை வைத்து என்னைத் தீர்மானிக்கிறவர்கள் முழுவதையும் பார்க்கட்டும்.

எங்கள் அப்பார்ட்மென்ட் கட்டடத்தின் கீழ்த் தளத்தில் ஒரு பார்ட்டி ரூம் இருக்கிறது. அதைப் பெறுவதற்கும் ஒரு படிவம். நிகழ்வின் தன்மை என்ன என்று கேட்டிருந்தது. பிறந்தநாள், நினைவு நாள், பிற என்று மூன்று தெரிவுகள். 'பிற' என்பதில் கோடு போட்டு, 'என் நண்பிகளுக்கு என் படம்' என்று எழுதினேன். அலுவலகத்தில் இருந்த பெண் வாசித்துவிட்டு, "நீங்கள் ஓவியம் வரைவீர்களா?" என்றாள். "இல்லை, காற்சட்டை கழற்றச் சொல்வேன்" என்றேன். முத்திரை குத்தித் தந்தாள்.

பெண்களுக்கு மட்டும் என்று சங்கக் குழுவிலேயே அழைப்புப் போட்டேன். அனிற்றாவுக்கும் அனுப்பினேன்.

6

நாலு பேர் வந்தால் பெரிய காரியம் என்று நினைத்து, ஆறு கதிரை போட்டேன். சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குப் பதினேழு பேர் வந்தார்கள். பனிச்சப்பாத்துகளை வாசலில் கழற்றிவைத்து, றோல்ஸும் வடையும் கொண்டு வந்தார்கள். கடைசியாக யோசப் அண்ணையின் மனைவி றீற்றா அக்கா வந்து, "அவர் நான் மருந்துக்கடைக்குப் போனன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் குந்தினார். அனிற்றா கோட்டைக் கழற்றாமல் பின்சுவரில் சாய்ந்து நின்றாள்.

கூடாரம் சரிந்தது. மாமியார் சேற்றில் விழுந்தார். மூளைக்கு வேலை இல்லாத பகிடிகள்தான். எங்களுக்கும் மாமிமார் இருந்திருக்கிறார்கள், நாங்களே மாமிமாராகவும் இருக்கிறோம். சிரித்தார்கள்.

என்னுடைய காட்சிக்கு முன்னால் இன்னொரு காட்சி உண்டு. அது வருகிற இடத்தில் படத்தை நிறுத்தினேன். எழும்பி நின்றேன்.

"இதில ஒரு கறுப்புப் பிள்ளை வருவா. பேர் ஜொய்ஸ். என்னோட படிச்சவ. துணி வைக்கிற அறையில விளக்கு நூந்து போகும். அந்த மனுசன் சொல்லும், நீ எங்கை நிக்கிறாய் எண்டு தெரியேல்லை, ஒருக்காப் பல்லைக் காட்டு எண்டு. ஜொய்ஸ் சிரிக்கவேணும். அதுதான் அவவுக்குக் குடுத்த வேலை. அவ சிரிச்சவ. கமராவுக்குப் பின்னால நிண்டு நானும் சிரிச்சனான்."

திரையில் நின்றுபோன படத்தைக் காட்டிக்கொண்டு தொடர்ந்தேன்.

"விடுதிக்கு வந்தாப் பிறகு அவ ஒண்டுதான் சொன்னவ. 'உன்னை உன்ரை வசனத்தைச் சொல்ல விட்டாங்கள்' எண்டு. பயிற்சி முடிஞ்சு எங்கை போனாவோ தெரியாது. நான் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதவேணும் எண்டால் அது ஜொய்ஸுக்குத்தான். வேற ஒருத்தருக்கும் இல்லை."

படத்தை மறுபடி ஓடவிட்டேன். ஜொய்ஸின் காட்சியில் ஒருவரும் சிரிக்கவில்லை. அனிற்றா கோட்டைக் கழற்றிவிட்டு வந்து என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள்.

பிறகு வார்டு வந்தது. நான் வந்தேன். எவ்வளவு மெல்லிசாக இருந்திருக்கிறேன். இடுப்பில் கையை வைத்துச் சொன்னேன். அந்தக் காலத்து ஆங்கிலம் பாதிப் பேருக்குப் பிடிபடவில்லை.

"என்ன சொன்னனீர்? என்ன சொன்னனீர்?" என்று றீற்றா அக்கா திரும்பினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அனிற்றா எழும்பினாள். அவளுடைய தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும். எழுத்துக் கூட்டுவது போலச் சொன்னாள்: "களிசானைக் கழட்டுங்கோ ஐயா. நான் காணாத ஒண்டும் உங்களிட்ட இல்லை. இதை விட... நல்ல சாமானும் கண்டிருக்கிறன்."

'சாமான்' என்ற சொல் அவளுக்கு எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது. தமிழில் அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்கும் தெரியாது. பதினேழு பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். றீற்றா அக்கா பல்லுச் செட்டைக் கையால் பிடித்துக்கொண்டு அழுதார். "வட்? வட் டிட் ஐ சே?" என்று அனிற்றா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். காதுக்குள் சொன்னேன். அவளும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தக் காட்சியை இன்னும் இரண்டு தரம் போடச் சொன்னார்கள். போட்டேன்.

7

செவ்வாய்க்கிழமை கூட்டம். வெளியே காற்றும் பனியும். இருந்தாலும் மண்டபம் நிறைந்திருந்தது. யோசப் அண்ணை ஒழுக்கம், பண்பாடு, இளந்தலைமுறைக்கு முன்மாதிரி என்று வாசித்தார். எனக்குப் பேச ஒரு தருணம் தந்தார்.

"நாப்பது வருசம் நான் ஆக்களின்ரை உடுப்பைக் கழட்டித்தான் சம்பளம் எடுத்தனான்" என்றேன். "கழுவினனான், துடைச்சனான், மருந்து கட்டினனான். அந்தச் சம்பளத்தில பிள்ளை படிச்சுது. அதில பண்பாடு கெடேல்லை. அதை வைச்சு ஒரு பகிடி விட்டால் கெட்டுப் போகுதோ? நான் கடிதம் எழுதமாட்டன். பதவியை வேணுமெண்டால் எடுங்கோ."

கை தூக்கச் சொன்னார்கள். ஆண்கள் பெரும்பாலும் ஒரு பக்கம். பெண்களிலும் சிலர் அவர்களோடு. பார்ட்டி ரூமில் வயிறு நோகச் சிரித்த இரண்டு பேர் அந்தப் பக்கம் கை தூக்கியதையும் கண்டேன். அவர்களுக்குப் பக்கத்தில் கணவன்மார் இருந்தார்கள். றீற்றா அக்கா தன் கணவர் பார்க்கப் பார்க்க எனக்காகக் கை தூக்கினார். நாலு வாக்கால் தோற்றேன். அறிக்கைப் புத்தகத்தையும் சங்கத்தின் முத்திரையையும் மேசையில் வைத்தேன்.

வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கூட்டம் முடிந்ததும் தேநீர். தேநீரோடு எல்லாருக்கும் இரத்த அழுத்தம் பார்ப்பது பத்து வருடமாக நான் செய்யும் வேலை. அது பதவி இல்லை, ஆகவே அதை ஒருவரும் பறிக்கவில்லை. வழக்கமான மூலையில் கருவியை வைத்துக் குந்தினேன். கொஞ்ச நேரம் ஒருவரும் வரவில்லை. பிறகு ஒருவர் வந்தார். பிறகு வரிசை நின்றது. எனக்கு எதிராகக் கை தூக்கியவர்கள் அதே கையை நீட்டினார்கள். நான் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் பட்டியைச் சுற்றினேன்.

கடைசியாக யோசப் அண்ணை வந்தார். கதிரையில் இருந்தார். கோட்டும் கம்பளிச் சட்டையும் முழுக்கைச் சட்டையுமாக இறுக்கிப் பூட்டியிருந்தார். எங்கே தொடங்குவதென்று தெரியாமல் பொத்தானைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மண்டபத்தில் கோப்பைச் சத்தம் நின்றது. எல்லாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பயப்பிடாதேங்கோ அண்ணை" என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. "சட்டைக் கையை மட்டும் மடிச்சால் காணும்."